மேட்டுப்பாத்திக்கு வீட்டிலேயே குளோஷ் (பயிரைக் குளிரிலிருந்து காக்கும் மூடி) அமைப்பது எப்படி? காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க வழி உண்டா?

ஹரோ தோட்டக்காரி | 9 பெப்ரவரி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இலண்டனின் வடமேற்குப் புறநகரான ஹரோவில் வசிக்கிறோம். பின்வளவில் களிமண் இறுகிக் கிடப்பதால், சென்ற ஆண்டு சாரப்பலகைகளைக் கொண்டு இரண்டு மேட்டுப்பாத்திகள் அமைத்தோம். 3.9 மீட்டர் பலகை ஒன்றை 2.7 மீட்டராகவும் 1.2 மீட்டராகவும் அறுத்தால் துண்டு எதுவும் மிஞ்சாது என்று மரக்கடைக்காரர் சொல்லித்தந்ததால், இரண்டு பாத்திகளும் அந்த அளவிலேயே அமைந்தன. பலகையின் உயரம் 22.5 செ.மீ.

சென்ற மார்ச்சில், கம்பி வளையங்களும் மெல்லிய பொலித்தீனும் கொண்ட ஆயத்தக் குளோஷ் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பாத்தியின் மேல் பொருத்தினோம். பொலித்தீனின் ஓரங்களை மண்ணில் புதைக்குமாறு அதனுடன் வந்த தாளில் எழுதியிருந்தது. பலகை அடித்த பாத்தியில் ஓரத்தைப் புதைப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? பலகையின் விளிம்பில் செங்கற்களை அடுக்கி அழுத்தி வைத்தோம். மூன்றாம் நாள் இரவு வீசிய காற்றில் செங்கற்கள் உள்ளே சரிந்து முள்ளங்கி நாற்றுகளை நசுக்கின. குளோஷ் பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தில் போய்த் தொங்கியது. அந்த வீட்டு அம்மையார் அதை ஒழுங்காக மடித்து எடுத்துவந்து தந்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இம்முறை நாங்களே செய்ய விரும்புகிறோம். வளையத்துக்கு எந்தக் குழாய் நல்லது, எத்தனை வளையங்கள் வேண்டும், பொலித்தீன் போடுவதா ஃபிளீஸ் (பயிரின் மேல் போர்த்தும் மெல்லிய, நெய்யாத துணி) போடுவதா, மூடியை எப்படிப் பிணைப்பது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். மார்ச்சில் வெந்தயக்கீரை, முள்ளங்கி, பசளி ஆகியவற்றை விதைத்து, பின்னர் அதே மூடியின் கீழ் மிளகாயும் கத்தரியும் நடலாம் என்று எண்ணியிருக்கிறோம். வீட்டில் பழைய மரச் சன்னல்கள் இரண்டும் கழற்றி வைத்தபடி கிடக்கின்றன. அவற்றையும் பயன்படுத்தலாமா என்று என் கணவர் கேட்கிறார்.

லெஸ்டர் அலொட்மென்ட் | 9 பெப்ரவரி

தங்கச்சி, ஓரத்தைப் புதைக்கச் சொல்லும் அறிவுறுத்தல் சமதரைப் பாத்திக்காக எழுதப்பட்டது. அங்கே காற்று தரையோடு வந்து வளைவின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேட்டுப்பாத்தியிலோ பலகையில் மோதும் காற்று மேலெழுந்து, மூடியின் அடிவிளிம்புக்குள் நேரே நுழைகிறது. அடிவிளிம்பு ஓரிடத்தில் விலகினால் போதும், முழு மூடியும் பாய்மரமாகிவிடும். ஆகவே பாரம் வைத்து அழுத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, மூடியைப் பலகையோடு பிணையுங்கள். மேட்டுப்பாத்தியில் புதைக்க மண் இல்லாவிட்டாலும் திருகாணி ஏற்ற மரம் இருக்கிறது.

நான் ஆறு பருவங்களாக இதே அகலமுள்ள பாத்திகளில் பயன்படுத்தும் அமைப்பைச் சொல்கிறேன். வளையத்துக்கு 20 மி.மீ. நீலத் தண்ணீர்க் குழாய் போதும். 25 மீட்டர்ச் சுருள் ஒன்றில் 2 மீட்டர்த் துண்டுகள் பன்னிரண்டு கிடைக்கும். சுருளாகவே விற்பதால் அதில் வளைவு முன்பே இருக்கும், அது நமக்கு அனுகூலம்தான். நீலக் குழாய் நிலத்தின் கீழ் புதைப்பதற்கென்று செய்யப்பட்டது என்பதால் வெயிலில் மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மை அடையும், ஆனால் என்னுடையவை இன்னும் முறியவில்லை. 2.7 மீட்டர் நீளத்துக்கு ஐந்து வளையங்கள் வைத்தால் இடைவெளி ஏறக்குறைய 67 செ.மீ. வரும். திறந்த வெளியாக இருந்தால் ஆறு வையுங்கள். இரண்டு பாத்திக்கும் அந்தப் பன்னிரண்டு துண்டுகளும் சரியாகப் போய்விடும்.

பலகையின் உட்புறத்தை ஒட்டி 10 மி.மீ. இரும்புக் கம்பியை அடித்து, குழாயின் முனையை அதன்மேல் செருகுவது வழக்கம். மேட்டுப்பாத்தியின் மண் இளகியதாகையால் கம்பி அதில் மட்டும் நின்றால் சாய்ந்துவிடும். 60 செ.மீ. கம்பி எடுத்து, கீழேயுள்ள உங்கள் இறுகிய களிமண்ணுக்குள் ஒரு சாண் இறங்கும்வரை அடியுங்கள். அந்தக் களிமண் உதவும் ஒரே இடம் இதுதான். அதோடு நில்லாமல், குழாயைப் பலகையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு குழாய்க் கவ்வியும் இரண்டு திருகாணிகளும் போட்டு இறுக்குங்கள். 2 மீட்டர்க் குழாயை அப்படி நிறுத்தினால் உச்சி மண்ணிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குமேல் உயர்த்த ஆசைப்படாதீர்கள். உச்சியின் கீழ்ப்புறத்தில் ஒரு கூரைச்சட்டத்தை நீளவாக்கில் வைத்து ஒவ்வொரு வளையத்தோடும் கட்டிவிட்டால் வளையங்கள் முன்பின் ஆடமாட்டா.

மூடிக்கான தாள் 3 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். வளைவுக்கு 2 மீட்டர், இருபுறமும் பலகையைத் தாண்டி வெளியே தொங்கிச் சட்டத்தில் சுற்றுவதற்கு மீதி என்று கணக்கிட்டால் அகலம் சரியாக வரும். இரு முனைகளையும் மூடி முடிச்சிடுவதற்கு முனைக்கு ஒரு மீட்டருக்கு மேல் தேவைப்படுவதால் நீளம் 5 மீட்டர் ஆகிறது. ஒரு நீளப் பக்கத்தை ஒரு சட்டத்தின் கீழ் வைத்து வெளிப்பலகையோடு திருகாணியால் நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். மறுபக்கத்தின் ஓரத்தை 25×50 மி.மீ. சட்டம் ஒன்றில் மூன்று சுற்றுச் சுற்றி ஸ்டேப்பிள் அடியுங்கள். இந்தச் சட்டம் பலகையின் வெளிப்புறம் தொங்கும். அதை மூன்று இடங்களில் கொக்கியால் மாட்டிவிட்டால் மூடி இறுகும், கொக்கியைக் கழற்றினால் பாய் சுருட்டுவது போல் சட்டத்தோடு சுருட்டிக்கொண்டு மேலே கொண்டுபோகலாம். களை பிடுங்கவும் அறுவடை செய்யவும் ஒரு நிமிடத்தில் திறக்கக்கூடியதாக இல்லாத குளோஷை நாம் திறக்கவே மாட்டோம், அதுதான் பயிருக்குக் கேடு.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே, தாளின் மேலாக ஒரு நைலோன் கயிற்றைக் குறுக்கே இழுத்து இருபுறப் பலகையிலும் அடித்த வளையத் திருகாணிகளில் கட்டுங்கள். காற்றில் தாள் படபடவென்று அடிப்பதை இந்தக் கயிறு நிறுத்தும். தாள் கிழிவது பெரும்பாலும் அந்தப் படபடப்பில் குழாயோடு உராய்ந்துதான். வெயில் நாளில் கொக்கியைக் கழற்றி, தாளைக் கயிற்றுக்குக் கீழாகவே மேல்நோக்கித் தள்ளிவிட்டால், கயிற்றுக்கும் வளையத்துக்கும் இடையில் அது தானாகவே பிடித்துக்கொண்டு நிற்கும்.

பொலித்தீனைக் கடையில் வாங்கும்போது புறஊதாக் கதிரைத் தாங்குமாறு பதப்படுத்தப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வேலைக்கான சாதாரணத் தாள் அடுத்த வசந்தத்துக்கு முன்பே சருகாகிவிடும். வளைகூடங்களுக்கு (பொலித்தீன் போர்த்திய பெரிய வளைவுக் கூடாரங்களுக்கு) விற்கும் 150 மைக்ரோனுக்கு மேற்பட்ட தாள் சிறிது விலை கூடினாலும் பல ஆண்டுகள் வரும்.

வெப்பமானி | 10 பெப்ரவரி

லெஸ்டர் அண்ணா கட்டமைப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டதால் நான் வெப்பநிலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பொலித்தீன் போட்டுவிட்டால் இரவு உறைபனியிலிருந்து பயிர் தப்பிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பகலில் சூடேறிய மண் இரவில் நெடிய அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடுகிறது. கண்ணாடி அந்தக் கதிர்களை மறித்துவிடும். சாதாரணப் பொலித்தீனோ பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் ஒற்றைப் பொலித்தீனின் உள்ளே உள்ள வெப்பநிலை வெளியே உள்ளதற்கு அருகிலேயே இருக்கும், சில வேளைகளில் அதைவிடச் சிறிது குறைந்தும் போகும். தாளின் உட்புறத்தில் படியும் நீர்த்துளிகள் இந்த இழப்பை ஓரளவு குறைக்கின்றன என்பதால், துளி படிந்திருக்கிறதே என்று யாரும் இரவில் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்படியானால் பொலித்தீனால் என்ன பயன்? பகலில் மண்ணைச் சூடாக்குவதும், காற்றையும் கொட்டும் மழையையும் தடுப்பதும்தான். விதைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மண்ணை நனைத்து மூடியைப் போட்டுவிடுங்கள். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் மெதுவாக விடும். கரட்டும் முள்ளங்கியும் மண் 7 பாகை செல்சியஸை எட்டினாலே முளைக்கத் தொடங்கும். போஞ்சிக்கு 12 பாகையாவது வேண்டும். ஐந்து செ.மீ. ஆழத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு மண் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது நாட்காட்டியைப் பார்ப்பதைவிட நம்பகமானது.

உறைபனிக்கு ஃபிளீஸ்தான் கைகொடுக்கும். சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய ஃபிளீஸ் ஏறக்குறைய இரண்டு பாகை பாதுகாப்புத் தரும். 30 கிராம் துணி அதைவிடக் கூடுதலாகத் தந்தாலும் ஒளியைக் குறைக்கும். உறைபனி வரும் என்று வானிலை அறிவிப்பில் கண்டால், பொலித்தீனுக்குள்ளே பயிரின் மேல் ஃபிளீஸை விரித்து, காலையில் எடுத்துவிடுங்கள். இரு அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை.

இரவைவிடப் பகலுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். மார்ச் மாத வெயில் நமக்கு இதமாக இருக்கும். காற்றோட்டமில்லாத மூடியின் உள்ளே அதே வெயில் 30 பாகையைத் தாண்டிவிடும். லெட்டூஸ் விதை 25 பாகைக்கு மேல் முளைக்க மறுத்து உறங்கிப்போகும், பசளி பூத்துவிடும். உச்சத்தையும் தாழ்வையும் குறித்துவைக்கும் வெப்பமானி ஒன்றை, நேரடி வெயில் படாதவாறு ஒரு பலகைத் துண்டின் நிழலில், உள்ளே தொங்கவிடுங்கள். காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவீர்கள் என்றால், காற்று இல்லாத தெளிவான நாளில் இரு முனைகளையும் ஒரு சாண் திறந்துவிட்டே போக வேண்டும்.

ஹரோ தோட்டக்காரி | 10 பெப்ரவரி

இருவருக்கும் மிக்க நன்றி. வெப்பமானி அண்ணா, நான் இரவு முழுவதும் பொலித்தீனை மூடிவைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருந்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எனக்கு இன்னொரு ஐயம் எழுகிறது. வீட்டில் மின்கம்பி இழுக்கும் வெள்ளை பி.வி.சி. குழாய்கள் மிஞ்சிக் கிடக்கின்றன; நீலக் குழாய்க்குப் பதிலாக அவற்றை வளைக்கலாமா? மிளகாயையும் கத்தரியையும் எப்போது வெளியே கொண்டுவரலாம் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ஸ்காபரோ வெண்டி | 11 பெப்ரவரி

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ரொறன்ரோப் பகுதியில் எங்கள் ஆட்கள் அநேகமாக எல்லோரும் பி.வி.சி. குழாயைத்தான் வளைக்கிறார்கள். அரை அங்குலக் குழாய் 10எம் என்ற கனடிய அளவுள்ள இரும்புக் கம்பியின் மேல் அளவெடுத்தது போல் உட்காரும் என்பதால் நானும் அதிலேதான் தொடங்கினேன். அதில் இரண்டு குறைகள் உண்டு. வெயிலில் சூடேறும் பி.வி.சி. தன்மேல் படும் பொலித்தீனை அந்த இடத்திலேயே விரைவில் கெடுத்துவிடும்; வளைகூடத் தாள் செய்யும் நிறுவனங்களே பி.வி.சி. குழாயோடு தொடவிட வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. குழாயின் வெளிப்புறத்தில் வெள்ளை நுரைநாடா ஒட்டினால் தப்பலாம். இரண்டாவது குறை, குளிரில் பி.வி.சி. விறைத்துப்போகும். பூச்சியத்துக்குக் கீழே உள்ள காலையில் அதை வளைக்கப் போனால் கையிலேயே உடையும். வீட்டில் சும்மா கிடக்கிறது என்றால் ஃபிளீஸோ வலையோ போடும் பாத்திக்கு அதைப் பயன்படுத்துங்கள், பொலித்தீன் போடும் பாத்திக்கு நீலக் குழாயையே வாங்குங்கள்.

உயரத்தைப் பற்றி லெஸ்டர் அண்ணா சொன்னதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கடையில் குழாய் பத்தடி நீளமாக வந்தது. அறுக்க மனமில்லாமல் நான்கடி அகலப் பாத்தியில் அப்படியே வளைத்து நிறுத்தினேன். உச்சி கிட்டத்தட்ட நான்கடி உயரத்துக்குப் போயிற்று, பார்ப்பதற்குக் கோயில் வாகனத்துக்குக் கூடு கட்டியது போல் கம்பீரமாக இருந்தது. ஏப்ரலில் வந்த ஒரு காற்றில் நான்கு வளையங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மறுநாளே எல்லாவற்றையும் ஏழடியாக அறுத்தேன். தாளுக்கு வீட்டுச் சுவரில் நீராவித் தடுப்பாகப் போடும் 6 மில் (சுமார் 150 மைக்ரோன்) பொலித்தீனை வாங்கியிருந்தேன். மலிவுதான், ஆனால் புறஊதாக் கதிரைத் தாங்கும் பதம் அதில் இல்லாததால் ஒரே பருவத்தில் மடிப்புகளில் வெடித்துவிட்டது.

மிளகாய், கத்தரி, வெண்டி, தண்டுக்கீரை ஆகிய நம் பயிர்களுக்கு உறைபனி வந்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போனாலே அவை வளர்வதை நிறுத்திவிடும். வெண்டியின் இலை மஞ்சளித்து ஒரு மாதம் அப்படியே நிற்கும். இங்கே விக்டோரியா தின விடுமுறைக்கு, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமைக்குப் பிறகே நடுவது வழக்கம். அப்போதும் நான் ஜூன் நடுப்பகுதிவரை இரவில் மூடிவைக்கிறேன். இலண்டனில் நீங்கள் மே மாதக் கடைசியில் நட்டு, குளோஷை ஜூன் முழுவதும் இரவில் மட்டும் போட்டுக்கொள்வது பொருத்தமாக இருக்கும் என்பது என் கணிப்பு. மார்ச்சில் மூடியின் கீழ் மிளகாய் நடும் எண்ணத்தை விட்டுவிட்டு, நாற்றைச் சன்னலோரத்தில் வளருங்கள். பாத்தியில் வெந்தயமும் முள்ளங்கியும் அறுவடையாகும் காலமும் மிளகாய் நடும் காலமும் தாமாகவே பொருந்திவரும்.

பூசணி வகைகளை நட்டால், பெண்பூ விரிந்ததும் காலையில் மூடியைத் திறக்க மறக்கக் கூடாது. தேனீ உள்ளே வர வழியில்லாவிட்டால் பிஞ்சு அழுகி விழும்.

பழைய கண்ணாடி | 11 பெப்ரவரி

சன்னல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை வரும். வளையத்தின் மேல் அதை வைக்கவே முடியாது. ஒரு சிறிய பாத்தியின் வடபுறத்தில் பலகையை உயர்த்தி, தென்புறம் சரியுமாறு அமைத்து, வடபுறத்தில் கீல் போட்டால் சன்னல் மூடியுள்ள குளிர்ப்பெட்டி கிடைக்கும். வீடு பழையதென்றால் சட்டத்தின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உரியும் பெயின்ட் கீரைப் பாத்தியில் விழுவதை நான் விரும்பமாட்டேன். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கண்ணாடியை அடியோடு மறந்துவிடுங்கள். அதே வேலையை 4 மி.மீ. இரட்டைச்சுவர்ப் பொலிகார்பனேட் தகடு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் செய்யும், உள்ளே அடைபட்ட காற்றினால் வெப்பத்தையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். ஆனால் எடை குறைவு என்பதனால் அதற்கும் கொக்கி வேண்டும்.

குளோஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மணி என்றுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த மரக்கறித் தோட்டக்காரர்கள் மணி வடிவக் கண்ணாடிக் கவிழ்கலங்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்துக் கீரை வளர்த்தார்கள். வெயில் ஏறும்போது ஒவ்வொன்றின் விளிம்பையும் படிப்படியாக வெட்டிய ஒரு குச்சியால் நிமிர்த்தி, எந்தப் படியில் நிறுத்துவது என்பதை வெயிலைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். இரவில் குளிர் கடுமையானால் வைக்கோல் பாய்களை மேலே விரிப்பார்கள். நண்பர் வெப்பமானி சொல்லும் காற்றோட்டமும் இரட்டை அடுக்கும் அவர்களிடம் அப்போதே இருந்தன.

இரண்டு மூன்று செடிகளுக்கு மட்டும் பாதுகாப்புத் தேவையென்றால் இவ்வளவு பாடு வேண்டாம். ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலின் அடியை அறுத்து, வெட்டிய விளிம்பை மண்ணுக்குள் 5 செ.மீ. அழுத்தி, வாய்வழியாக ஒரு மூங்கில் குச்சியை மண்ணுக்குள் இறக்கினால் காற்றுக்கு அசையாது. திறந்திருக்கும் வாயே காற்றோட்டம்.

கோத்தகிரிக்காரன் | 13 பெப்ரவரி

நீலகிரியிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்களுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் உறைபனித் தொல்லை. ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின் மேல் மிலார் என்னும் செடியின் தழைகளைச் செருகி மறைத்து வைப்பதைக் காணலாம். காற்றோட்டத்தைத் தடுக்காமல் பனி படிவதை மட்டும் தடுக்க அது போதுமானதாக இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் நான் பாலித்தீனை நேரடியாகச் செடியின் மேல் போர்த்திப் பார்த்தேன். தாளைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகள் எல்லாம் காலையில் கருகியிருந்தன, தொடாதவை பிழைத்தன. நீங்கள் வளையம் போடும்போது மிளகாய்ச் செடி வளர்ந்து தாளை முட்டாத அளவுக்கு இடம் விட்டு, முட்டும் நாளில் மூடியை எடுத்துவிடுங்கள்.

ஹரோ தோட்டக்காரி | 27 ஏப்ரல்

எல்லோருக்கும் நன்றியோடு நடந்ததைச் சொல்ல வந்தேன். முதல் பாத்திக்கு நீலக் குழாயில் ஆறு வளையங்களும் வளைகூடத் தாளும், இரண்டாம் பாத்திக்கு வீட்டிலிருந்த பி.வி.சி. குழாயும் ஃபிளீஸும் போட்டோம். இரும்புக் கம்பியைக் களிமண்ணுக்குள் இறக்குவதற்குள் என் கணவரின் தோள் வீங்கிவிட்டது. இரண்டு சன்னல்களும் மறுசுழற்சி நிலையத்துக்குப் போய்விட்டன. அதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

மார்ச் முதல் வாரத்தில் மூடியைப் போட்டு, மூன்றாம் வாரத்தில் விதைத்தோம். பொலித்தீன் பாத்தியில் முள்ளங்கி ஐந்து நாள்களிலும், ஃபிளீஸ் பாத்தியில் ஒன்பது நாள்களிலும் முளைத்தது. ஆனால் இப்போது இரண்டையும் அருகருகே பார்த்தால், வெந்தயக்கீரை ஃபிளீஸின் கீழ்தான் தடித்து, கரும்பச்சையாக நிற்கிறது. பொலித்தீனுக்குள் அது நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்துவிட்டது. வேலைக்குப் போன ஒரு வியாழக்கிழமை நான் முனைகளைத் திறக்க மறந்துவிட்டேன். மாலையில் வெப்பமானியில் உச்சம் 38 என்று காட்டியது. பசளியில் பாதி அன்றோடு போயிற்று. காற்று இரண்டு முறை பலமாக வீசியும் மூடி அசையவில்லை, கயிறுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்பாராத விருந்தாளிகள் நத்தைகள். மூடியின் கீழ் ஈரமும் சூடும் இருப்பதால், சட்டத்தின் உட்புறத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு பகலெல்லாம் உறங்குகின்றன. கரட்டை எந்தப் பாத்தியில் விதைப்பது என்பதும் கேட்க வேண்டியிருக்கிறது.

லெஸ்டர் அலொட்மென்ட் | 27 ஏப்ரல்

வெந்தயம் மெலிந்தது சூட்டினால்தான். இனிமேல் அந்தப் பாத்தியில் பகலில் ஒரு பக்கத்தை முழுவதும் சுருட்டியே வையுங்கள். நத்தைக்கு மருந்து தேட வேண்டாம். சுருட்டும்போது சட்டத்தைத் திருப்பிப் பார்த்துக் கையால் பொறுக்கினால் ஒரு வாரத்தில் குறைந்துவிடும், மாலையில் நீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றுங்கள்.

கரட்டை ஃபிளீஸ் பாத்தியில் விதையுங்கள், ஆனால் சென்ற ஆண்டு கரட் இருந்த பாத்தியாக அது இருக்கக் கூடாது. கரட் ஈயின் கூட்டுப்புழு மண்ணிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வெளிவரும்; மேலே ஃபிளீஸை இறுக்கிக் கட்டியிருந்தால் ஈயை வெளியே விடாமல் கரட்டோடு சேர்த்து உள்ளே அடைத்துவைத்ததாகிவிடும். ஓரங்களில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் பொலித்தீனைக் கழற்றும்போது கழுவி, நன்றாக உலர்த்தி, வெயில் படாத கொட்டிலில் வையுங்கள். ஓரத்தில் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். நீலக் குழாயை அப்படியே நிற்க விடலாம். கோவா (முட்டைக்கோஸ்) நட்டால் வெள்ளை வண்ணத்துப்பூச்சி வராமல் வலை போடுவதற்கு அதே வளையங்கள் உதவும்.